வார்டில் கூட இருப்பவருக்கும் கற்றுக்கொடுங்கள்

காலை எட்டரை மணிக்கு ரவுண்ட்ஸ். அதற்குப் பத்து நிமிடம் முன்னால் வார்டு வாசலில் நின்று, "அட்டெண்டர் எல்லாம் வெளிய போங்க" என்று சத்தம் போடுவது என் வேலை. காவிரிப் படுகையின் அரசு மருத்துவமனைகளில் 33 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கூட இருப்பவர்கள் ஃபிளாஸ்கையும் தூக்குவாளியையும் ஓரமாக நகர்த்திவிட்டு வராந்தாவுக்குப் போவார்கள். உள்ளே பெரிய டாக்டர், பிஜி டாக்டர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், மாணவர்கள் என்று பதினைந்து பேர் கட்டிலைச் சுற்றி நின்று, அந்தப் பெரியவருக்கு என்ன ஆயிற்று, இனி என்ன ஆகலாம், எதைக் கவனிக்க வேண்டும் என்று பேசுவார்கள். வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ளப் போகிற மனைவியோ மருமகளோ மட்டும் அதைக் கேட்க மாட்டார்.

நான் ஓய்வு பெற்ற மறு வருஷம் எங்கள் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ரவுண்ட்ஸ் நேரத்தில் நானும் வராந்தாவில்தான் நின்றேன். பன்னிரண்டாம் நாள் டிஸ்சார்ஜ். மூக்கில் ட்யூப், கீழே யூரின் பை, என் கையில் ஆங்கிலத்தில் ஒரு தாள். அதில் கடைசி வரி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடவும். அதே வரியை நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வார்டில் புரட்டும்போது நாங்கள் இரண்டு பேர் இருப்போம், கட்டிலும் இடுப்பு உயரம் இருக்கும். வீட்டில் இருந்தது முழங்கால் உயரக் கட்டில். அவர் 72 கிலோ, எனக்கு வயது 61, நேரம் ராத்திரி இரண்டு மணி. மூன்றாவது வாரம் அவருடைய முதுகுக்கு அடியில், வால் எலும்புக்கு மேலே, ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. 33 வருஷம் நர்ஸாக இருந்தவள் வீட்டிலேயே படுக்கைப் புண் என்றால், நடவுக்குப் போய்விட்டு வந்து மாமனாரைப் பார்க்கிற பெண் என்ன செய்வாள் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

இரண்டரை வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டதில் கற்றதையும், அதற்குப் பிறகு ஒரு கல்லூரியில் மாணவர்களோடு சேர்ந்து செய்து பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள், படிக்கிறவர்கள், மருத்துவ சமூகப் பணியாளர்கள் படிக்க வேண்டும் என்று ஆசை. தஞ்சாவூரில் 1959 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருச்சியில் 1997, திருவாரூரில் 2010, நாகப்பட்டினத்தில் 2022 என்று ஒவ்வொன்றாக வந்தன. சாதாரண ஆஸ்பத்திரியில் கிடைக்காத ஒன்று இந்த இடங்களில் உண்டு. கற்றுக்கொள்ள வந்த நூற்றுக்கணக்கான இளம் கைகள். நான் கேட்கிற எதற்கும் புதுக் கட்டடம் வேண்டாம், அந்தக் கைகள் போதும்.

ராத்திரி எழுந்திருப்பது யார்

முதல் வேலை, ரவுண்ட்ஸ் நேரத்தில் கட்டிலுக்கு ஒருவரை உள்ளே இருக்க விடுவது. அறுபது வயதைத் தாண்டிய நோயாளிகளுக்காவது இதைச் செய்யுங்கள். கூட்டம் ஆகிவிடும் என்பார்கள். பதினைந்து பேர் நிற்கிற இடத்தில் பதினாறாவது ஆளால் கூட்டம் ஆகாது.

யாரை இருக்கச் சொல்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். "பேஷண்ட்டோட வந்தது யாரு?" என்று கேட்டால் வெள்ளை வேட்டி கட்டிய மகனோ தம்பியோ முன்னால் வருவார். கையெழுத்துப் போடுவார், பணம் கட்டுவார். துணி மாற்றுகிறவர் அவருக்குப் பின்னால், சுவரோடு நின்றுகொண்டிருப்பார். அதனால் மாணவர்களுக்கு வேறு கேள்வி சொல்லிக்கொடுத்தேன்: "வீட்ல ராத்திரி கூப்பிட்டா யாரு எழுந்திரிப்பாங்க?" இதற்கு ஒரே பதில்தான் வரும். அவருடைய பெயர், போன் நம்பர், அவருக்கு இருக்கிற சர்க்கரை, பிரஷர், முட்டிவலி எல்லாம் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஒரு தடவை வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த அம்மாவிடம் ஒரு மாணவி இதைக் கேட்டாள். அந்த அம்மா பதிலுக்கு, "மாமாவுக்கு நல்லாயிட்டா பங்குனியில பாடைக் காவடி எடுக்கறேன்னு மாரியம்மாவுக்கு வேண்டியிருக்கேன்" என்றார். மாணவி கோயம்புத்தூர்ப் பெண், பாடைக் காவடி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. நோயிலிருந்து பிழைத்தவரைப் பிணம் போலப் பாடையில் படுக்க வைத்துத் தூக்கிப் போய் நேர்த்திக்கடன் செலுத்துவார்கள் என்று அந்த அம்மாவே விளக்கினார். வேண்டுதல் வைத்திருப்பது யார் என்று கேட்டாலே போதும், பார்த்துக்கொள்கிறவர் யார் என்று தெரிந்துவிடும். அதைப் புன்னகையோடு தள்ளிவிடாமல் உட்கார்ந்து கேட்கிற மாணவியிடம்தான், மாத்திரையை நிறுத்திவிட்டதையும் அந்த அம்மா சொல்வார்.

ரவுண்ட்ஸ் நகர்ந்த பிறகு ஒரு மாணவர் பின்தங்கி, அவரோடு ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்கக் கூடாது. புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "வீட்டுக்குப் போனதும் என்ன செய்வீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்கம்மா" என்று கேளுங்கள்.

ஸ்கில் லேபைத் திறந்துவிடுங்கள்

இன்றைக்கு ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் ஸ்கில் லேப், அதாவது மாணவர்கள் பொம்மையில் செய்து பழகுகிற அறை, இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே பொம்மைகள் இருக்கின்றன, கட்டில் இருக்கிறது, ட்யூப் இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். வாரத்தில் இரண்டு நாள், மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை, வார்டில் கூட இருப்பவர்களுக்கு அதைத் திறந்துவிடுங்கள். சொல்லித்தருவது மாணவர்கள், மேற்பார்வைக்கு ஒரு நர்ஸும் ஒரு பிசியோதெரபிஸ்டும். நான்கு மணிக்குக் கண்டிப்பாக முடிக்க வேண்டும். ஊருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டால் அடுத்த முறை வர மாட்டார்கள்.

புரட்டுவதை எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என் வீட்டில் புண்ணை ஆற்றியது இதுதான்.

முதலில் கட்டில். நான்கு கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்து உயர்த்தச் சொல்லுங்கள், ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. கட்டில் உயர்ந்தாலே பார்க்கிறவரின் இடுப்பு பிழைக்கும். தேறி, எழுந்து உட்காருகிறவர் என்றால் மறுபடி இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் விழுந்துவிடுவார். அடுத்து, எந்தப் பக்கம் திருப்பப் போகிறோமோ அந்தப் பக்கம் நிற்க வேண்டும். அவருடைய முகத்தை நம் பக்கம் திருப்பி, நமக்குக் கிட்டே இருக்கிற கையை உடம்புக்கு அடியில் மாட்டாதபடி விலக்கி வைத்து, தூரத்துக் கையை நெஞ்சின் மேல் போட வேண்டும். விழுந்துபோன கையை இழுக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். இரண்டு கையாலும் ஏந்தித்தான் நகர்த்த வேண்டும். பிறகு தூரத்து முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி வைக்க வேண்டும். இப்போது நம் ஒரு கை அவருடைய தூரத்துத் தோளுக்குப் பின்னால், இன்னொரு கை தூரத்து இடுப்பில். ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, முதுகை வளைக்காமல், நம் எடையைப் பின்காலுக்கு மாற்றினால் போதும், அவர் திரும்பி வருவார். கையால் இழுக்கிற பலம் தேவையே இல்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த பழைய சேலை.

மேலே நகர்த்தும்போது அக்குளில் கை கொடுத்து இழுப்பார்கள். அப்படித்தான் தோல் உரிகிறது. நல்ல காலை மடக்கி ஊன்றி அவரையே உந்தச் சொல்ல வேண்டும். முடியாதவர் என்றால் தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு, இரண்டு பேராக அந்தப் போர்வையைப் பிடித்து நகர்த்த வேண்டும். இரண்டாவது ஆளுக்குப் பக்கத்து வீட்டைக் கூப்பிட வெட்கப்பட வேண்டாம் என்பதையும் பாடத்தில் சேர்த்துச் சொல்லுங்கள்.

பொம்மையில் மட்டும் காட்டினால் போதாது. ஒரு மாணவரைக் கட்டிலில் உடம்பைத் தளர்த்திப் படுக்க வைத்து, அந்த அம்மாவையே புரட்டச் சொல்லுங்கள். முதல் தடவை கூச்சப்படுவார், மூன்றாவது தடவை சரியாகச் செய்துவிடுவார். கட்டிலில் படுத்த பையனுக்கும் அது பாடம்தான். இறுதியாண்டுப் பையன் ஒருவன் எழுந்ததும், "சிஸ்டர், கழுத்தைப் பிடிக்காம திருப்பினா எவ்வளவு பயமா இருக்கு" என்றான்.

மூக்கு ட்யூப் அடுத்தது. கஞ்சி ஊற்றும்போது தலையும் மார்பும் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றி முடித்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே. வீட்டில் சாய்வுக் கட்டில் ஏது? ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மெத்தைக்கு அடியில் கவிழ்த்து வைத்தால் அதன் முதுகு சாய்மானமாக ஆகிவிடும். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருவில் பால் ஊற்றுகிற அம்மா. மூக்கின் ஓரத்தில் ட்யூபில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைக்க வேண்டும். கோடு வெளியே நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். ஊற்றும்போது இருமினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்த வேண்டும். முடித்ததும் கொஞ்சம் வெறும் தண்ணீர் ஊற்றினால் ட்யூப் அடைக்காது. எந்த மாத்திரையைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக் கூடாது என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரைக் கேட்டு எழுதி வாங்கித் தருவது மாணவர் வேலை. மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரைகளைப் பொடித்தால் மருந்து முழுக்க ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். இன்சுலின் ஊசி, வாய் சுத்தம், பிசியோ பயிற்சி எல்லாவற்றையும் இதே மாதிரி, செய்து காட்டச் சொல்லி, சொல்லித்தரலாம்.

தமிழில் ஒரு பக்கம்

டிஸ்சார்ஜ் தாளோடு ஒரு பக்கம் தமிழில், பெரிய எழுத்தில். காலை மாத்திரைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா. என்ன நடந்தால் உடனே 108ஐக் கூப்பிட வேண்டும் என்று நான்கைந்து வரி. மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, மனச்சோர்வுக்குப் பேச டெலி மானஸ் 14416. 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோவும் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அவர்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கல்லூரியே தகவல் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. மாற்றுத்திறனாளி சான்றுக்கு உரிய நிலைமை என்றால் வார்டில் இருக்கும்போதே அந்த வேலையை முடித்துவிடுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை அதற்காக மறுபடி வேன் வைத்துத் தூக்கி வர வைப்பது கொடுமை.

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற மகனை வீடியோ காலில் ஒரு தடவை சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் பாதி வீடுகளில் பணம் அங்கிருந்து வருகிறது, முடிவும் அங்கிருந்துதான் வருகிறது. அவர் காதாலும் டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டால், "அப்பாவுக்கு ஏன் இன்னும் நடக்க வரல, நீ சரியா பாக்கலையா?" என்ற கேள்வி இங்கே இருக்கிற பெண்ணுக்கு வராது.

மடை திறக்கப் போகிறவர்

மறதி நோயில் நம் ஊருக்கென்று ஒரு ஆபத்து இருக்கிறது. இதைப் பாடப் புத்தகம் சொல்லாது. நாற்பது ஐம்பது வருஷம் விவசாயம் பார்த்த பெரியவர் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து மண்வெட்டியைத் தேடுவார். மடை திறக்க வேண்டும், முறைத் தண்ணீர் போய்விடும் என்பார். நிலத்தை விற்றுப் பத்து வருஷம் ஆகியிருக்கும். ஜூனில் மேட்டூர் திறந்த பிறகு வாய்க்கால் எல்லாம் நிரம்பி ஓடும். கால் தடுமாறினால் போச்சு.

ஒரு மருமகள் மாணவர்கள் முன்னால் சொன்னார்: "நிலம் இல்ல மாமான்னு சொன்னா அழுவாரு. நிலத்தை வித்த அன்னைக்கு அழுத மாதிரியே தினமும் அழுவாரு. இப்ப, மடையத் தொறந்தாச்சு மாமா, ஆள் போயிருக்குன்னு சொல்லிடறேன். போய்ப் படுத்துக்குறாரு." அந்த வகுப்பில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. வாதாடாமல் அவருடைய உலகத்துக்குள் போய்ப் பதில் சொல்வது என்பதை மனநலப் பேராசிரியர் அதற்குப் பிறகு விளக்கினார். ஆனால் அதைக் கண்டுபிடித்தவர் அந்த மருமகள்தான்.

அதனால்தான் சொல்கிறேன், பார்த்துக்கொள்கிறவர்களை வகுப்புக்கு ஆசிரியராகக் கூப்பிடுங்கள். நோயாளியிடம் பேசும் முறை, நெறிமுறை எல்லாம் கற்றுத்தர 2019 பாடத்திட்டத்திலிருந்தே தனி வகுப்புகள் இருக்கின்றன. அதில் இரண்டு மணி நேரம் போதும். வருகிறவருக்குப் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் கொடுக்க வேண்டும், அவர் வருகிற நேரத்துக்கு வீட்டில் ஆள் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். நடவு, அறுப்பு நாட்களில் யாரையும் கூப்பிடாதீர்கள்.

மறதி நோய் உள்ளவரின் வீட்டுக்குச் சொல்ல வேண்டியவை வேறு சில: வாசல் கதவுக்கு அவர் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், உள்ளே இருப்பவர்கள் சட்டென்று திறக்கும்படி. சட்டைப் பையில் போன் நம்பர். வாய்க்கால் தெருவில் டீக்கடைக்காரரிடமும் பால்காரரிடமும் சொல்லி வைப்பது. நோயை மறைத்து வைக்கிற வீட்டில்தான் ஆள் காணாமல் போகிறார்.

பார்க்கிறவரையும் பாருங்கள்

பெரியவருக்கு பி.பி. பார்க்கிற அதே நேரத்தில் பக்கத்தில் நிற்பவருக்கும் பட்டையைச் சுற்றுங்கள். இரண்டு நிமிட வேலை. எங்கள் வீட்டுக்காரருடன் ஒரு வருஷமாக ஓ.பி.க்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஹவுஸ் சர்ஜன் பையன், "அம்மா, உங்களுக்குப் பாத்து எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டான். 170க்கு 100 இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் என்னைப் பற்றி யாரும் கேட்ட முதல் கேள்வி அது.

பார்த்துக்கொள்கிறவரின் சுமையை அளக்க, ஆராய்ச்சிக்கு ஸாரிட் என்பவரின் 22 கேள்விப் பட்டியல் இருக்கிறது. பிஜி டாக்டர்கள் ஆய்வுக்கு அதை வைத்துக்கொள்ளட்டும். ஓ.பி.யில் மூன்று கேள்வி போதும்: ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறீங்க? கடைசியா வீட்டை விட்டு எப்ப வெளிய போனீங்க? உங்களுக்கு யாரு உதவி?

இதைக் கேட்கும்போது சில நேரம் கனமான பதில் வரும். "ஒருநாள் தாங்க முடியாம அடிச்சுட்டேன் சிஸ்டர்" என்று ஒரு பெண் என்னிடம் அழுதிருக்கிறார். மாணவர்கள் அதைக் கேட்டு முகம் சுளிக்கக் கூடாது, அப்படியே விட்டுவிடவும் கூடாது. தண்ணீர் கொடுத்து உட்கார வையுங்கள். அன்றைக்கே மூத்த டாக்டரிடமும் சமூகப் பணியாளரிடமும் அழைத்துப் போங்கள். பெரியவர் பத்திரமாக இருக்கிறாரா என்று பார்ப்பது முதல் கடமை. அந்தப் பெண்ணுக்கு எத்தனை நாள் தூக்கம் இல்லை என்று பார்ப்பதும் அதோடு சேர்ந்ததுதான். வாய்ப்பு இருந்தால் பெரியவரை ஒரு வாரம் முதியோர் வார்டில் சேர்த்துக்கொண்டு, அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பித் தூங்க விடுங்கள்.

2021லிருந்து ஒவ்வொரு எம்.பி.பி.எஸ். மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. அதை ரெஜிஸ்டர் நிரப்புவதோடு விட்டுவிடாதீர்கள். படுக்கையில் பெரியவர் இருக்கிற வீட்டுக்கு மாணவர்கள் இரண்டு பேர், ஒருவராவது பெண், மாதம் ஒரு சனிக்கிழமை போய் மூன்று மணி நேரம் உட்காரட்டும். பிரச்சினை என்றால் கூப்பிட ஒரு டாக்டரின் நம்பரோடு. அந்த மூன்று மணி நேரத்தில் வீட்டுப் பெண் ரேஷன் கடைக்குப் போகலாம், தன் கண்ணைப் பரிசோதிக்கலாம், கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு

பெரியவர் இறந்துவிட்டால் ஆஸ்பத்திரியின் கணக்கு அங்கே முடிந்துவிடுகிறது. காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகுதான் பார்த்துக்கொண்டவருக்கு வீடு வெறிச்சென்று ஆகும். எனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துகொண்டே இருந்தது, புரட்டுவதற்கு யாரும் இல்லை. பதினாறாம் நாள் தாண்டி ஒரு வாரத்தில் கல்லூரியிலிருந்து ஒரு போன் போதும். அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த மாணவரே பேசினால் நல்லது. தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறீர்களா, உங்கள் பிரஷர் மாத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

அந்தப் போனிலேயே இன்னொன்றும் கேட்கலாம். இறந்தவர் படுத்த ஏர் பெட் (படுக்கைப் புண் வராமலிருக்க மோட்டாரால் காற்று நிரப்புகிற மெத்தை), வாக்கர், கமோடு நாற்காலி, சக்கர நாற்காலி எதையும் நம் பக்கம் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கொல்லையில் போட்டு மழையில் நனைய விடுவார்கள், இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவார்கள். அதே நாளில் வார்டில் இன்னொரு குடும்பம் ஏர் பெட் வாங்கக் காசு புரட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வாங்கி வைத்து இரவல் கொடுக்கக் கல்லூரியில் ஒரு சின்ன அறை, ஒரு நோட்டுப் புத்தகம், பிளீச்சிங் கரைசலில் துடைத்துக் காய வைக்க ஒரு ஆள், மோட்டாரைச் சரிபார்க்க எலக்ட்ரீஷியன். இவ்வளவுதான் தேவை. திருப்பித் தரும் தேதியைப் போட்டுக் கண்டிக்காதீர்கள், தேவை முடிந்ததும் தாங்களே கொண்டுவருவார்கள்.

எங்கள் வீட்டு ஏர் பெட் இப்போது பாபநாசம் பக்கம் ஒரு வீட்டில் இருக்கிறது. வாங்க வந்த பெண்ணிடம், "மோட்டார் ராத்திரி உறுமும்மா, அடியில சாக்கை நாலா மடிச்சு வை, அப்பாவுக்குத் தூக்கம் கெடாது" என்று சொன்னேன். கட்டில் எவ்வளவு உயரம் என்று கேட்டேன். முழங்கால் அளவு என்றாள். கொல்லையில் இருந்த நாலு செங்கல்லையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.